எட்டாவது ஸ்வரம் எந்த பீட்டுக்கு? ஜாஸ் பயிலும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கிட்டாரோ சாக்ஸபோனோ பியானோவோ எடுத்துக்கொண்டு, ஜாஸில் சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் வாத்தியப் பையிலோ கைப்பேசியிலோ ஒரு தாள் கட்டாயம் இருக்கும். தலைப்பில் "பீபாப் ஸ்கேல்கள்" என்றிருக்கும். கீழே பன்னிரண்டு சுருதிகளிலும் அவற்றை எழுதி, எந்தக் கார்டுக்கு எது என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். சிலர் அதற்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். "ரகசியம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்தத் தாள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் மேல் இல்லை. ஆனால் கோபத்தைக் கேட்கப்போவது நீங்கள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை அறைகளில் உங்களில் பலரோடு வாசிக்கிறேன். விரல் வேகத்துக்குக் குறைவே இல்லை. எங்கள் தலைமுறையில் யாரும் பன்னிரண்டு சுருதியிலும் இப்படிச் சாதகம் செய்ததில்லை. ஆனாலும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்தவுடன் ஏதோ ஒட்டாமல் நிற்கிறது. ஸ்வரமெல்லாம் சரி, வாக்கியம் மட்டும் வேறெங்கோ நடக்கிறது. அப்போது நீங்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த இடத்துக்கு எந்த ஸ்கேல் சார்?" அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஏன் என்று சொல்லிவிட்டுக் கேட்பதுதான் நியாயம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பியானோ பக்கத்தில் இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான்கு பீட் கொண்ட ஒரு பார், பீட்டுக்கு இரண்டு ஸ்வரம், ஆக எட்டு ஸ்வரம். அடியில் ஜி செவன் ஒலிக்கிறது; அதன் ஸ்வரங்கள் ஜி, பி, டி, எஃப். மேலேயுள்ள ஜி-யில் தொடங்கி, சாதாரண ஏழு ஸ்வர வரிசையில் இறங்கி வாருங்கள்: ஜி, எஃப், ஈ, டி, சி, பி, ஏ, ஜி. இதில் பீட்டின் மேல் நேராக விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஜி, ஈ, சி, ஏ. ஜி செவனில் இருக்கும் ஸ்வரம் ஜி ஒன்றுதான். நான்கையும் சேர்த்து அழுத்தினால் கேட்பது ஏ மைனர் செவன். நீங்கள் தப்பான ஸ்வரம் ஒன்றுகூட வாசிக்கவில்லை. ஆனாலும் கேட்பவர் காதில் வேறு கார்ட் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவில் எஃப் ஷார்ப்பைச் செருகுங்கள். ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ, டி, சி, பி, ஏ. அடுத்த பாரின் முதல் பீட்டில் கீழ் ஜி வந்து நிற்கும். பீட்டின் மேல் விழுந்தவை ஜி, எஃப், டி, பி. ஜி செவன் முழுசாக வந்துவிட்டது. பியானோக்காரர் கையை எடுத்துவிட்டால்கூட உங்கள் ஒற்றை வரியில் கார்ட் கேட்கும். ஏழு ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு ஸ்தாயியிலும் வரிசை அரை பீட் நழுவிக்கொண்டே போகும். எட்டாக்கிவிட்டால் அடுத்த ஸ்தாயியிலும் அதே ஸ்வரம் அதே இடத்தில் விழும். தாளில் "டாமினன்ட் பீபாப் ஸ்கேல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். எஃப் ஷார்ப்புக்கு அங்கே அழகுக்கான வேலை எதுவும் இல்லை. மற்ற ஸ்வரங்களை அதனதன் பீட்டில் உட்கார வைப்பதற்காக வந்திருக்கிறது.

அடுத்ததைத் தாள் உங்களுக்குச் சொல்வதில்லை. அதே இறக்கத்தை ஜி-யில் தொடங்காமல் ஏ-யில் தொடங்குங்கள், தாளில் உள்ளபடி எஃப் ஷார்ப்பையும் சேர்த்துக்கொண்டு: ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ, டி, சி, பி. பீட்டின் மேல் விழுபவை ஏ, எஃப் ஷார்ப், ஈ, சி. ஜி செவனின் ஸ்வரம் ஒன்றுகூட இல்லை! அந்த எஃப் ஷார்ப்பை எடுத்துவிட்டு வெறும் ஏழு ஸ்வரத்தில் இறங்கிப் பாருங்கள்: ஏ, ஜி, எஃப், ஈ, டி, சி, பி, ஏ. இப்போது பீட்டின் மேல் ஏ, எஃப், டி, பி. தொடக்க ஸ்வரம் தவிர எல்லாமே கார்டின் ஸ்வரங்கள், அடுத்த பாரில் ஜி. ஓர் இடத்தில் உயிர் கொடுத்த அதே ஸ்வரம் அடுத்த இடத்தில் கழுத்தைப் பிடிக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி எஃப் ப்ளூஸில் அப்படியே மாட்டிக்கொண்டார். சி செவன் வரும் பாரில் டி-யில் தொடங்கி, பி நேச்சுரலையும் விடாமல் சேர்த்து, பளபளவென்று இறங்கினார். பேஸ்காரர் முகம் சுளித்தார். தம்பி உடனே என் பக்கம் திரும்பி, "ஸ்கேல் சரிதானே சார்?" என்றார். ஸ்கேல் சரிதான். அந்த பி நேச்சுரலை மட்டும் விட்டுவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அவருடைய காதே அவருக்குச் சொல்லிவிட்டது. நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. மூன்று வருடமாக அந்த ஸ்கேலைச் சாதகம் செய்கிறாராம். எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. என் மனக்குறை இதுதான்.

சொன்னவர்கள் இல்லாமல் போகவில்லை. டெட்ராய்ட்டில் 1929-ல் பிறந்த பியானோ மேதை பேரி ஹாரிஸ், 2021 டிசம்பரில் மறையும்வரை, பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் வகுப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். டாமினன்ட் ஸ்கேலில் இறங்கும்போது அரை ஸ்வரம் எங்கே சேர்ப்பது என்பதற்கு அவர் விதிகளே வைத்திருந்தார். கார்டின் ஸ்வரத்தில் (ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு) தொடங்கினால் ஓர் அரை ஸ்வரம் சேர்க்கலாம், அல்லது மூன்று. இரண்டு, நான்கு, ஆறில் தொடங்கினால் ஒன்றும் சேர்க்க வேண்டாம், அல்லது இரண்டு. ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற அதே கணக்குதான். ஆனால் அவர் உட்கார வைத்த இடத்தைக் கவனியுங்கள். முதலில் எங்கே இருக்கிறாய் என்று பார். பிறகு எத்தனை சேர்ப்பது என்று முடிவு செய். உங்கள் தாளோ முதலிலேயே முடிவு செய்து கையில் கொடுத்துவிடுகிறது.

மேஜரிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி மேஜரில் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே ஜி ஷார்ப் வரும். பீட்டின் மேல் சி, ஈ, ஜி, ஏ விழும், அதாவது சி சிக்ஸ். மைனரில் எந்த ஸ்வரத்தைச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். டி மைனர் செவன், ஜி செவன் என்று இரண்டும் அடுத்தடுத்து வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஜி செவனையே நினைத்துக்கொள் என்பது ஹாரிஸ் காட்டிய வழி. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்களில் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் ஜி செவனின் ஏழு ஸ்வரங்களும் ஹரிகாம்போஜி. அதன் ஜன்யமான காம்போஜியில் கைசிகி நிஷாதம் சொந்தம். காகலி நிஷாதம் அன்னிய ஸ்வரமாக வந்து போகும். பீபாப்காரர்கள் சேர்த்த எஃப் ஷார்ப்பும் அதே காகலி நிஷாதம்தான். காம்போஜி ஆலாபனையில் அந்த நிஷாதத்தைத் தோன்றின இடத்திலெல்லாம் போடுபவரை உங்கள் குரு என்ன சொல்வார்? "ஸநிபதஸ" என்கிற பிடியில்தான் அதற்கு இடம், மற்ற இடத்தில் வந்தால் ராகம் கெடும் என்பார். அங்கே ஸ்வரத்தின் இடத்தைப் பிடி தீர்மானிக்கிறது, இங்கே பீட் தீர்மானிக்கிறது. ஆரோகண அவரோகணத்தைப் பாடிக் காட்டிவிட்டுக் காம்போஜி பாடிவிட்டேன் என்று சொல்லத் துணியாத நீங்கள், ஜாஸில் மட்டும் எப்படித் துணிகிறீர்கள்?

இந்த ஸ்வரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். 1940-களின் தொடக்கம். ஹார்லெமில் 118-ஆம் தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ். அங்கே பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க். பெரிய நடன இசைக்குழுவில் வேலை முடிந்ததும் வாத்தியக்காரர்கள் வந்து, தங்களுக்காக விடிய விடிய வாசித்த இடம். வேகம் கூடியது, கார்டுகள் நெருங்கின. பேஸ் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு ஸ்வரம் வைத்து நடந்துகொண்டே இருக்கும். பீட்டின் மேல் நீங்கள் வைக்கிற ஸ்வரம் அதோடு நேருக்கு நேர் முட்டும். அந்த முட்டலில் கேட்டுக் கேட்டுப் படிந்ததுதான் இந்த வழக்கம். அன்றைக்கு அதற்கு ஸ்கேல் என்று பெயரும் இல்லை, தாளும் இல்லை. இப்படி அரை ஸ்வரத்தால் இட்டு நிரப்பும் பழக்கம் அதற்கு முந்தைய லெஸ்டர் யங் போன்றவர்களிடமே இருந்தது. பீபாப்காரர்கள் அதை உறுதியாக்கினார்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கி, 1944 வரை இழுத்ததில், இந்த இசை முளைவிட்ட காலத்தின் ஸ்டுடியோப் பதிவு நமக்கு அநேகமாக இல்லை. பக்கத்தில் நின்று காதால் பிடித்தவர்கள்தான் பிடித்தார்கள்.

சார்லி பார்க்கர் எப்படிக் கற்றார் என்பதையும் பாருங்கள். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு விடுதியில் வாசிக்கப் போனபோது லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோனார். சோலோக்களை அப்படியே வாசிக்கும்வரை விடவில்லை. மூன்று நான்கு வருடம் தினம் பதினோரு மணி நேரமாவது சாதகம் செய்ததாக 1954-ல் ஒரு வானொலிப் பேட்டியில் பால் டெஸ்மண்டிடம் அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஓசார்க் கோடைக்கு எட்டு வருடம் கழித்து, 1945 நவம்பர் 26 அன்று, சவாய் நிறுவனத்துக்காக "கோ-கோ" பதிவாகிறது. "செரோக்கி" பாட்டின் கார்டுகள் மேல், நிமிடத்துக்குச் சுமார் 300 பீட் வேகம். எய்த் நோட்டாக வாசித்தால் நொடிக்குப் பத்து ஸ்வரம். அந்த வேகத்தில் "இப்போது எந்த ஸ்கேல்" என்று யாரும் யோசித்திருக்க முடியாது. யோசிக்காமலே கார்டின் ஸ்வரம் பீட்டில் விழுமாறு காதும் கையும் முன்கூட்டியே பழகியிருந்தன.

பெயர் வந்தது பிற்பாடு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர்தான் "பீபாப் ஸ்கேல்" என்ற பெயரைப் பாடத்தில் நிலைநாட்டியவர். "ஹவ் டு ப்ளே பீபாப்" என்கிற அவருடைய மூன்று தொகுதிகள் 1980-களில் வந்தன. பார்க்கர் 1955-லேயே போய்விட்டார். முப்பது வருட இடைவெளி. பேக்கரை நான் குறை சொல்ல மாட்டேன். தாடைக் காயத்தால் டிராம்போனை விட்டு, செல்லோவுக்கு மாறி, அதிலும் ஜாஸ் வாசித்த மனிதர் அவர். அந்தப் புத்தகத்திலும் அவர் வெறும் வரிசையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கார்டின் ஸ்வரத்தில், பீட்டின் மேல் தொடங்கு என்றும், கணக்கு நழுவினால் எப்படிச் சரிக்கட்டுவது என்றும் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். உங்களுக்கு வந்து சேர்ந்த தாளில் அந்தப் பக்கங்கள் உதிர்ந்துபோய், வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஏன் உதிர்ந்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரிசையை அச்சடிக்கலாம், பரீட்சை வைக்கலாம், மதிப்பெண் போடலாம். "ஏ பிளாட் பீபாப் ஸ்கேல் வாசி" என்றால் சரியா தப்பா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு மாணவர் இறங்கும் வாக்கியம் பேஸோடு ஒட்டுகிறதா என்று பார்க்க ஆசிரியரும் கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் அது நடக்காது. அதனால் ஆசிரியர்களையும் முழுசாகத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் நடக்காததை நீங்கள் கேட்டு வாங்கலாம். கட்டணம் கட்டுவது நீங்கள்தானே.

இன்னொன்றையும் தாள் சொல்லாது. கார்டின் ஸ்வரம் பீட்டில் விழ வேண்டும் என்றேன். அதைக் கேட்டு ஒவ்வொரு பீட்டிலும் ஓங்கி அடிக்காதீர்கள். பார்க்கரைக் கேளுங்கள். அவருடைய அழுத்தம் பெரும்பாலும் வாக்கியம் வளைந்து திரும்பும் உச்சி ஸ்வரங்களில் விழும், அவை பல நேரம் பீட்டுக்கு நடுவில் இருக்கும். சில ஸ்வரங்களை விழுங்கிவிடுவார், இருந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். முழு எட்டு ஸ்வர இறக்கத்தை ஒரே மூச்சில் அவர் வாசிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் கார்டை விரித்து ஏறுவது, ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் சுற்றி வளைத்துப் பிடிப்பது, சட்டென்று மூச்செடுத்து நிறுத்துவது எல்லாம் இருக்கும். 1974-ல் தாமஸ் ஓவன்ஸ் என்ற ஆய்வாளர் பார்க்கரின் சோலோக்களை அலசி, அவர் திரும்பத் திரும்பக் கையாண்ட சுமார் நூறு சொற்றொடர்களைப் பட்டியல் போட்டார். வரிசைகளை வைத்து யாராவது அப்படிப் பட்டியல் போட முயன்றால் அரைப் பக்கம் தேறாது.

ஆகவே என் வேண்டுகோள். மூன்று மாதம் அந்தத் தாளை எடுக்காதீர்கள். கிழிக்கச் சொல்லவில்லை, எங்காவது பத்திரமாக வையுங்கள். அந்த மூன்று மாதமும் ஒரே கார்ட், ஜி செவன் போதும். மெட்ரோநோமை 60-ல் வைத்து, அது தட்டுவதை இரண்டாவது, நான்காவது பீட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தலை சுற்றும்; விட்டுவிடாதீர்கள். ஜி-யில் தொடங்கி இறங்குங்கள். பிறகு எஃப்-இல், ஈ-யில், இப்படி ஏழு ஸ்வரத்திலும் தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கி முடிக்கும்போது அடுத்த பாரின் முதல் பீட்டில் கார்டின் ஸ்வரம் விழுந்ததா என்பதை மட்டும் கேளுங்கள். விழவில்லை என்றால் எங்கே அரை ஸ்வரம் சேர்ப்பது, எங்கே எடுப்பது என்று நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். ஹாரிஸின் விதியை நான் மேலே எழுதிவிட்டேன், ஆனால் கண்டுபிடித்தபின் வந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வாத்தியத்தில் வாசிக்கும் முன் வாயால் பாடுங்கள். பாட முடியாததை விரல் வாசித்தால் அந்த வாசிப்பை நம்ப வேண்டாம்.

கூடவே ஒரே ஒரு கோரஸ். "கோ-கோ" பதிவான அதே நாளில் பார்க்கர் "நவ்ஸ் த டைம்" என்று ஓர் எஃப் ப்ளூஸும் பதிவு செய்தார். மிதமான வேகம், பன்னிரண்டு பார். அவருடைய சோலோவின் முதல் கோரஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் வந்த ஆம்னிபுக்கில் பார்க்கர் சோலோக்கள் பல எழுதிக் கிடைக்கின்றன என்பது எனக்கும் தெரியும், அதைத் திறக்காதீர்கள். அந்தக் காலத்தில் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், அதை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். உங்கள் கைப்பேசி சுருதி மாறாமல் வேகத்தைக் குறைத்துத் தருகிறது. இரண்டு பாருக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. கண்டுபிடித்த ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பக்கத்தில் அது பீட்டின் மேலா, நடுவிலா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் பெயர் எழுதவே கூடாது.

ஆசிரியர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு வகுப்பிலாவது கார்ட் வாசிப்பவரை உட்காரச் சொல்லிவிட்டு, பேஸோடு மட்டும் வாசிக்க விடச் சொல்லுங்கள். பேஸ்காரர் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பியானோவின் இடது கையால் பீட்டுக்கு ஒரு ஸ்வரம் வைத்துக்கொடுத்தால் போதும். எட்டு பார் வாசியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சக மாணவர்கள் கார்ட் எங்கே மாறியது என்று கை தூக்க வேண்டும். சரியான இடத்தில் கை தூக்கினால் நீங்கள் தேறிவிட்டீர்கள், இல்லையென்றால் மறுபடி வாசியுங்கள்.

அடுத்த முறை ஒத்திகை அறையில் சந்திக்கும்போது எஃப் ப்ளூஸ்தான் வைக்கப்போகிறோம், நிமிடத்துக்கு 120-க்கு மேல் போக மாட்டோம். தாளை வீட்டில் வைத்துவிட்டு, அந்த ஒரு கோரஸைக் காதில் வைத்துக்கொண்டு வாருங்கள். முதலில் அதை எல்லோரும் சேர்ந்து பாடுவோம், பிறகு வாத்தியத்தை எடுப்போம்.

அன்புடன்,
உங்களோடு வாசிக்கும் ஓர் அண்ணன்